கழிப்பறைக் கூட்டத்துக்குக் கறுப்புக் கோட்டு

ஹோல்டர்வேன் ஊராரும், சுற்றியுள்ள பண்ணைக்காரர்களும், கால்வாய்க்கு இந்தக் கரைக்காரர்களும் அந்தக் கரைக்காரர்களும் ஒருசேர அறிய வேண்டிய தலையாய செய்தி: அரசர் நாள் விழாக் குழுவின் நிரந்தரத் தலைவர், ஆரஞ்சுப் பட்டை அணிந்த அண்ணல், திருவாளர் ரூலோஃப் ஹாஸெவிங்கல் அவர்கள் இன்று வெள்ளிக்கிழமை காலை தமது கறுப்புக் கோட்டைப் பீரோவிலிருந்து வெளியே எடுத்தார்.

எடுத்தார், தட்டினார், போட்டுக்கொண்டார்.

அந்தக் கோட்டு வருஷத்தில் ஒரு நாள்தான் வெயில் காணும். அரசரின் பிறந்தநாளன்று தலைவர் அதைப் போட்டு, குறுக்கே அரச குடும்பத்து நிறமான ஆரஞ்சுப் பட்டையை மாட்டி, சந்தைத் திடல் மேடையில் ஏறி, தேசிய கீதம் பாடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் பிறந்தநாள் தமக்குத்தான் என்பதுபோல நிற்பார். அரசர் நாளோ நாளைக்கு. ஒரு நாள் முந்தியே கோட்டு வெளியே வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், நகர மன்றத்தில் பத்து மணிக்கு நடக்கவிருந்த ஒரு கூட்டம். கூட்டத்தின் பொருள், விழாத் திடலில் வைக்கும் தற்காலிகக் கழிப்பறைகள்.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கறுப்புக் கோட்டு எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அரசர் நாளுக்கு முந்தின வேலை நாளில் நாடெங்கும் பதக்கம் பொழியும். வருஷக்கணக்கில் ஊருக்கு உழைத்தவர்களைக் கூப்பிட்டு, அரசர் பெயரால் மேயர் நெஞ்சில் குத்திவிடுவார். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. வாங்கப்போகிறவருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. ஆகவே வீட்டார்தான் எதையாவது புளுகி ஆளை நகர மன்றத்துக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர்கள் என்று பேரெடுத்த ஜனங்கள், வருஷம் முழுக்கச் சொல்லாமல் சேர்த்துவைத்த பொய்யையெல்லாம் இந்த ஒரு வாரத்தில் செலவழித்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டு எக்பர்ட்டை இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீயணைப்புக் கருவி சோதனை என்று சொல்லி அழைத்துப் போனார்கள். கசாப்புக் கடைக்காரர் மனைவியை, தொலைந்த குடை கிடைத்துவிட்டது என்று. இதன் விளைவாக, ஏப்ரல் கடைசியில் யாராவது சப்பென்ற காரணம் சொல்லி நகர மன்றத்துக்குக் கூப்பிட்டால், இந்த ஊரில் கூப்பிடப்பட்டவர் முதலில் போய் முடிவெட்டிக்கொள்வார்.

தலைவரும் வெட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரக் கதையைப் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தப் பதக்கம் அவருக்கு இல்லை. அவர் மனைவி யான்டீனாவுக்கு.

ஏற்பாடு செய்தவள் மகள் வீட்ஸ்கே. ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, கால்வாய்க்கு அந்தக் கரையில் தனியாகக் குடியிருப்பவள், தன்னைப் புத்திசாலி என்று நம்பிக்கொண்டிருந்தவள். அம்மாவின் பெயரைப் போன வருஷமே மேயரிடம் பரிந்துரைத்தாள். ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவைக் கூட்டி வருவது எப்படி என்று வந்தபோதுதான் முழித்தாள். அப்பாவிடம் ரகசியம் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் ஒன்று. அம்மாவோ, தனக்கு மரியாதை செய்யப்போகிறார்கள் என்ற வாடை அடித்தாலே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டிவிடுவாள். ஆனால் வேலை என்று ஒன்றைக் கொடுத்தால் தட்டமாட்டாள். ஆகவே வீட்ஸ்கே அம்மாவிடம் போய், அப்பாவுக்குப் பதக்கம் வருகிறது, அவருக்குத் தெரியாமல் நீதான் நகர மன்றத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். கழிப்பறையைக் கண்டுபிடித்தவள் அம்மா.

அப்பா அதைக் கேட்ட மறுநிமிஷமே புரிந்துகொண்டார். அவர் புரிந்துகொண்டதை அம்மா புரிந்துகொண்டாள். அம்மாவுக்கு அது தெரியாது என்று அப்பா நம்பினார். இப்படி ஒரு வாரமாக இருவரும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருக்க, இருவரையும் சேர்த்து ஏமாற்றிக்கொண்டிருந்த மகள் காலை ஒன்பது மணிக்குப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

வந்தவள் நடையிலேயே நின்றாள். அப்பா கண்ணாடி முன்னால் ஆச்சரியப்படுவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் புருவத்தை உயர்த்தினார். பிறகு கையை நெஞ்சில் வைத்தார். பிறகு ‘நானா?’ என்று உதட்டை மட்டும் அசைத்தார். மூன்றையும் சேர்த்துச் செய்தபோது தொண்டையில் மீன்முள் சிக்கியவர் மாதிரி இருந்தது. திருப்தியில்லை. மறுபடி புருவத்திலிருந்து ஆரம்பித்தார்.

திட்டம் தீட்டியபோது வீட்ஸ்கேவுக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் புருவத்தைப் பார்த்ததும் பெருமை போன இடம் தெரியவில்லை. அம்மாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாக வேண்டும். பக்கத்து நாற்காலியில் அப்பா நொறுங்கிவிடவும் கூடாது. அவர் எப்போதும் தனியாக நொறுங்குவதில்லை. அம்மாவின் நாளையும் சேர்த்து நாசமாக்கிவிடுவார். தோட்டக்கலைச் சங்கத் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்ற அன்று அப்படித்தான் நடந்தது. கூட்டத்தின் நடுவே எழுந்தார், வெளியேறினார், போகிற போக்கில் சங்கத்துக்குத் தாம் அன்பளிப்பாகக் கொடுத்திருந்த வெண்கல மணியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அது இன்னும் கார் ஷெட்டில் கிடக்கிறது.

சமையலறையில் அம்மா நாளைய சாக்கு ஓட்டத்துக்குக் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். உடம்பில் தோட்ட வேலைக்குப் போடும் பழைய ஜாக்கெட். முழங்கையில் காய்ந்த பசை.

“இதையா போட்டுக்கிட்டு வரப்போற?” என்றாள் வீட்ஸ்கே, குரலைத் தாழ்த்தி.

“பதக்கம் உங்கப்பாவுக்கு. என்னை யாரு பாக்கப்போறா?”

“போட்டோ எடுப்பாங்கம்மா.”

“அவர் வயித்துக்கே போட்டோல இடம் பத்தாது. அதுல நான் எங்க நிக்கிறது?”

ஒரு வாரமாக அம்மா அப்பாவிடம் அன்பாக இருந்துவந்தாள். பழக்கமில்லாத வேலை, முகத்தில் களைப்புத் தெரிந்தது. அவர் சொன்ன கதையையே மறுபடி சொன்னபோது கேட்டிருக்கிறாள். எப்போதும் ஒன்றோடு மூடிவிடும் டப்பாவைத் திறந்து காபிக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுத்திருக்கிறாள். சாக்கில் ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“உண்மையச் சொல்லு வீட்ஸ்கே. இவருக்கு எதுக்குக் குடுக்கிறாங்க?”

“ஊருக்கு உழைச்சதுக்கும்மா.”

அம்மா வெகுநேரம் யோசித்தாள். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று பாடுபடுவது தெரிந்தது.

“நின்னாரு,” என்றாள் கடைசியில். “அதை மறுக்க முடியாது. ரொம்ப வருஷமா நின்னாரு.”

வீட்ஸ்கே காபிக் கோப்பையை எடுத்தாள், கை தவறியதுபோல ஜாக்கெட்டின்மேல் சாய்த்தாள். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிற கை இப்படியா ஆடும் என்று திட்டிக்கொண்டே அம்மா மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது மருமகள் முறையாகிற ஒருத்தியின் கல்யாணத்துக்கு வாங்கிய நீலக் கவுனில் இருந்தாள். கண்ணாடி முன்னால் நின்றிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். கழிப்பறைக் கூட்டத்துக்கு நீலக் கவுன் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

வாசலில் சைக்கிளை எடுக்கும்போது அடுத்த வினை வந்தது. அம்மாவுக்குப் பேக்கரி ஞாபகம் வந்துவிட்டது. நாளைக்குப் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் தேன் கேக்கை எட்டிக் கடிக்கிற போட்டி. அதற்கான கேக்கைப் பத்து மணிக்குள் வந்து எடுத்துக்கொண்டு போ என்று பேக்கரிக்காரன் சொல்லியிருந்தானாம். நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் கேக்கை வாங்கிக்கிட்டு அப்புறமா வர்றேன் என்று சைக்கிளைத் திருப்பினாள்.

அப்பாவின் முகம் விழுந்தது. தமக்குப் பதக்கம் குத்தும்போது மனைவி பக்கத்தில் இல்லாமலா? ஆனால் பதக்கம் என்று ஒன்று இருப்பதே தமக்குத் தெரியாதே. இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

“கழிப்பறை விஷயத்துல உன்னோட கருத்தும் முக்கியம், யான்டீனா,” என்றார்.

“என் கருத்து உனக்கு எப்பலேர்ந்து முக்கியமாச்சு?”

“இல்ல... பெண்கள் பக்கத்து நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல.”

அம்மா ஏற்கெனவே பெடலில் கால் வைத்துவிட்டாள். வீட்ஸ்கே பக்கத்தில் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, அவள் காதில் மட்டும் விழும்படி ஒன்று சொன்னாள். முன்பு பதக்கம் வாங்கியவர்களெல்லாம் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள். முன்வரிசையில் தலைவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் எக்பர்ட் மனைவி வில்லெமீன் அதில் வந்து உட்கார்ந்துவிடுவாள். நாளைக்குப் பத்திரிகையில் வரும் படத்தில் அப்பாவோடு அவள் இருப்பாள்.

அம்மா காலைக் கீழே வைத்தாள். கேக்குக்குக் கால் முளைத்து ஓடிவிடாது என்றாள்.

மூவரும் சைக்கிளில் போனார்கள். கால்சட்டை செயினில் மாட்டாமலிருக்க அப்பா துணி உலர்த்தும் க்ளிப்பை மாட்டியிருந்தார். பாலத்தின்மேல் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தலையசைத்து, கூட்டம், கழிப்பறை, ஒண்ணும் விசேஷமில்லை என்று தாமாகவே விளக்கம் கொடுத்தார். அவர்கள் எல்லாரும் முன்கூட்டியே வாழ்த்துகிற பார்வை பார்த்தார்கள். அந்த ஒவ்வொரு பார்வைக்கும் வீட்ஸ்கேவின் சைக்கிள் கொஞ்சம் கனமானது.

நகர மன்றக் கூடத்தில் மலர்க்கொத்துகள், அரசரின் படம், ஆரஞ்சு நிறக் காகிதத் தோரணம், கழுத்தில் அதிகாரச் சங்கிலியோடு மேயர் அம்மையார். கழிப்பறை சம்பந்தமாக ஒன்றும் இல்லை. அம்மா வெற்றிப் புன்னகையோடு அப்பாவைப் பார்த்தாள். அப்பா உடனே புருவத்தை உயர்த்தினார், கையை நெஞ்சில் வைத்தார். உதட்டை அசைப்பதை மட்டும் பெயர் வாசிக்கும்போது செய்யலாம் என்று மிச்சம் வைத்துக்கொண்டார்.

முதலில் மீன்பிடிச் சங்கச் செயலாளருக்கு. அடுத்தது பாடகர் குழுவுக்குப் பியானோ வாசிக்கும் டீச்சருக்கு. இருவரும் ஆச்சரியப்பட்ட விதத்தை அப்பா துறை வல்லுநராகக் கவனித்தார். மீன்காரர் அழுதது கொஞ்சம் அதிகம் என்பது அவர் உதட்டுச் சுழிப்பிலேயே தெரிந்தது.

பிறகு அலுவலர் ஒருவர் வந்து மூன்றாவது பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார்.

ஆண்களுக்கான பதக்கம் நேரான நாடாவில் தொங்கும். பெண்களுக்கான பதக்கம் பூப்போல முடிச்சுப் போட்ட நாடாவில் தொங்கும். இந்த வித்தியாசத்தை ஊரில் நெஞ்சுரத்தோடு விளக்கக்கூடியவர் ஒருவர்தான். குழுவின் ஆண்டு விழாவில் இதைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசி, சபையைக் கூண்டோடு தூங்கவைத்தவர். அவர் இப்போது மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேஜையைப் பார்த்தார்.

பூ முடிச்சு.

முதலில் திரும்பித் தமக்குப் பின்னால் யாராவது பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாளா என்று தேடினார். எக்பர்ட்டும் வில்லெமீனும்தான் இருந்தார்கள். எக்பர்ட் பல்லைக் காட்டினார். அப்பா முன்பக்கம் திரும்பினார். அம்மாவின் தலைக்கு மேலாக மகளைப் பார்த்தார்.

வீட்ஸ்கே ஆமாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அப்போது அப்பாவின் முகத்தில் வந்ததுதான் ஆச்சரியம். புருவம் அசையவில்லை, கை நெஞ்சுக்குப் போகவில்லை. ஒரு வாரப் பயிற்சியில் கிட்டாத முகம் அது. அவர் கதவைப் பார்த்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினார், எழுந்திருக்கப் போகிறவர் ஊன்றுவது மாதிரி. வீட்ஸ்கேவுக்கு வெண்கல மணி ஞாபகம் வந்தது. இங்கே கழற்றிக்கொண்டு போக அரசர் படம்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா அவர் பக்கம் சாய்ந்தாள். தன் கைக்குட்டையை அவர் உள்ளங்கையில் திணித்தாள்.

“நேரா உக்காரு. அழுகை வந்தா அடக்காதே, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றாள் கிசுகிசுப்பாக.

அப்பா கைக்குட்டையைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

மேயர் பேச ஆரம்பித்தார். பெயரைச் சொல்லாமல் பெருமையை மட்டும் அடுக்கி, கூட்டத்தைத் தவிக்கவிட்டு, கடைசியில் ஆளைக் காட்டுவதுதான் இங்கே வழக்கம். இவர் இல்லையென்றால் நம் ஊரில் அரசர் நாளே கிடையாது என்றார் மேயர். அம்மா தலையாட்டினாள். இத்தனை வருஷமும் கூட்டத்துக்கு முன்னால் வந்து கடைசியில் போனவர் என்றார். அம்மாவின் தலை பாதி ஆடி நின்றது. கால்வாய் உறைந்த குளிர்காலங்களில் சறுக்க வந்த ஊராருக்கெல்லாம் பட்டாணி சூப் காய்ச்சி ஊற்றியவர் என்றார். அம்மா நாற்காலியில் நெளிந்தாள். தம் கையாலேயே சாக்கு தைத்தவர், முதியோர் இல்லத்துக்காரர்களைத் தள்ளுவண்டியில் திடலுக்கு அழைத்து வந்தவர் என்று மேயர் சொல்லிக்கொண்டே போக, அம்மாவின் கழுத்து சிவந்துகொண்டே போனது.

வீட்ஸ்கே கை நீட்டித் தடுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“மேயரம்மா, ஒரு நிமிஷம். யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க.”

மேயரின் சங்கிலிகூட ஆடாமல் நின்றது.

“இவரு சூப்பே வெச்சதில்லைங்க. வெந்நீர் வைக்கச் சொன்னாலே அடிப்பிடிக்க விட்டுடுவாரு. இவரு என் வீட்டுக்காரரு, இவருக்குக் கிடைச்சா எனக்கும் சந்தோஷந்தான். குடுக்கிறதைக் குடுங்க. ஆனா அந்தச் சூப்பை இதுல சேர்க்காதீங்க. அது பொய்யாயிடும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். மேயர் புன்னகைத்து, ஒரு மூச்சு எடுத்து, அந்தப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார்.

“உக்காரு, யான்டீனா,” என்றார் அப்பா.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முன்னால் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவங்க சரியாத்தான் சொல்றாங்க. சூப்பு வெச்சது நீதானே? சாக்கு தெச்சதும் நீதான். இது உனக்கு வந்தது.”

மேயர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் சொல்ல வேண்டிய செய்தியைத் தலைவர் சொல்லி முடித்துவிட்டார். மனசு என்ன பாடு பட்டாலும், ஓர் அறிவிப்பு என்று வந்துவிட்டால் அதைத் தாம்தான் செய்ய வேண்டும் என்கிற பழக்கம் அவ்வளவு லேசில் விடாது.

அம்மா பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மகளை வெகுநேரம் பார்த்தாள்.

“அப்போ கழிப்பறைக் கூட்டம்?”

“அதான் இல்லையேம்மா. நீயே சொன்ன பொய்தானே அது?”

“பின்ன நான் ஒரு வாரமா இவருகிட்ட எதுக்கு...” என்று ஆரம்பித்து அம்மா நிறுத்திக்கொண்டாள். அம்மாவுக்கு வார்த்தை வராததை வீட்ஸ்கே பார்ப்பது இதுதான் முதல் தடவை. கூடம் எழுந்து கைதட்டியது. நீலக் கவுனில் ஊசி ஏறுகிற இடம் தேடி மேயர் கொஞ்சம் தடுமாறினார். அந்த நேரம் முழுக்க அம்மாவின் கைப்பையை அப்பா தம் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். பத்திரிகைக்கு எடுத்த படத்திலும் அப்படித்தான் விழுந்தார், காலில் க்ளிப்போடு.

பிறகு வாழ்த்து வரிசை. இந்த ஜனங்களிடையே ஒருவருக்கு நல்லது நடந்தால் அவரை மட்டும் வாழ்த்திவிட்டுப் போக முடியாது. புருஷனை, மகளை, பக்கத்தில் தவறி நிற்கிறவரைக்கூடக் கைகுலுக்கி வாழ்த்தியாக வேண்டும். உங்க மனைவிக்காக வாழ்த்துகள் என்று ஒவ்வொருவராக வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்கள். முதல் கையை அவர் கசப்பு மருந்து மாதிரி வாங்கிக்கொண்டார். நாலைந்து கை தாண்டியதும் நன்றி சொல்ல ஆரம்பித்தார். பாதி வரிசையில், வீட்டில் ஊக்கம் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா என்று விளக்கம் வந்தது. எக்பர்ட் முறை வந்தபோது தலைவர் ஏறக்குறைய பழைய உயரத்துக்கு வந்திருந்தார். எக்பர்ட், பதக்கத்துக்குப் பதிலாக அன்றாடம் அணியும் சின்னப் பொத்தானை மழைக்கோட்டில்கூடக் குத்திக்கொள்கிறவர்.

“அப்போ உனக்கு வரல?” என்று கேட்டார் எக்பர்ட்.

“எங்க வீட்டுக்கு வந்திருக்கு,” என்றார் அப்பா.

தட்டுகளில் தோம்பூஸ் வந்தது. ஆரஞ்சு மினுக்குப் பூசிய க்ரீம் கேக். கடித்தால் க்ரீம் நாலு பக்கமும் பிதுங்கும்; அதைக் கௌரவமாகச் சாப்பிட்டவர் இந்த ராஜ்யத்தில் இதுவரை பிறக்கவில்லை. மேயரின் சங்கிலியில் ஒரு சொட்டு விழுந்தது. எல்லாரும் பார்க்காதது மாதிரி பார்த்தார்கள்.

கோட்டு மாட்டும் இடத்தில் அப்பா மகளைத் தனியாகப் பிடித்தார்.

“நீதானே?”

“ஆமாப்பா. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“சொன்னா நான் ஊருக்கே சொல்லியிருப்பேன்,” என்றார். தம்மைப் பற்றி அவர் சொல்லிக் கேட்ட முதல் உண்மை. கொஞ்ச நேரம் தம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்குன்னு யாராவது... எப்பவாவது...?”

அடுத்த வருஷம் வேணும்னா என்று வீட்ஸ்கே இழுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வேணாம். கேட்டு வாங்கினா ஆச்சரியப்பட முடியாது.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா முன்னால் போனாள், வேகமாகப் போனாள். சைக்கிள் ஓட ஓட நீலக் கவுனில் பதக்கம் குதித்தது. யோசிக்கிறாள் என்று வீட்ஸ்கேவுக்குத் தெரிந்தது. என்ன யோசிக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

தெருமுனை திரும்பியதும் பேண்டு வாத்தியம் முழங்கியது. அப்பா ஒரு வாரத்துக்கு முன்பே பேண்டுக் குழுவின் நடத்துநரிடம், வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டுப் பக்கம் சும்மா வந்து நில்லுங்கள், காரணம் கேட்காதீர்கள் என்று சொல்லிவைத்திருந்தார். அவர்களும் காரணம் கேட்காமல் அணிவகுத்து நின்றார்கள். அக்கம்பக்கத்தார் கையில் காகிதக் கொடி. அப்பா சைக்கிளைவிட்டு இறங்கியதும் தாளம் உச்சத்துக்கு ஏறியது. நடத்துநர் அவர் நெஞ்சைப் பார்த்தார். நெஞ்சில் ஒன்றும் இல்லை. குழலும் தாரையும் ஒவ்வொன்றாக நின்று, பெரிய கொட்டு மட்டும் கொஞ்ச நேரம் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா இரண்டு கையாலும் மனைவியைக் காட்டினார். நல்ல பிள்ளையாகச் செய்தார். பேண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

பாட்டு முடிந்ததும் ஊரார் பேசு பேசு என்றார்கள். அம்மா வாசல் படியில் ஏறினாள். குரல் திரும்பி வந்திருந்தது.

“இத்தனை வருஷமா இந்த வேலையெல்லாம் யாரு செய்றாங்கன்னு யாருக்கும் தெரியலன்னு நெனச்சிட்டிருந்தேன். தெரியாதவங்ககிட்டப் போய் விட்டுடுறேன்னு எப்படிச் சொல்றது? அதனால செஞ்சேன். இப்போ அரசருக்கே தெரிஞ்சுபோச்சு. அப்போ முடிச்சுக்கலாம்.”

கூட்டம் ரசித்துச் சிரித்தது.

“நாளைக்கு நான் திடலுக்கு வரல. எல்லாரும் அரசர் நாளன்னிக்கு என்ன செய்றீங்க? வாசல்ல பாயை விரிச்சு, வீட்டுல கெடக்கிற பழைய சாமானைப் போட்டு வித்துக்கிட்டு, நாற்காலியில உக்காந்து போறவங்க வர்றவங்களைப் பாக்குறீங்க. நானும் அதைச் செய்யப்போறேன். ஒரு தடவைகூடச் செஞ்சதில்லை.”

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். எக்பர்ட் கைதட்டினார். நடத்துநர் கொட்டுக்காரனுக்குச் சைகை காட்ட, அவன் நகைச்சுவை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு தட்டு தட்டினான். அம்மா யாரையும் பார்த்துச் சிரிக்காமல் உள்ளே போனாள். மாடியில் பழைய சாமான்களை இழுக்கிற சத்தம் கேட்டது.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். வீட்ஸ்கே அப்பாவைப் பார்த்தாள். அப்பா கறுப்புக் கோட்டில், படிக்குக் கீழே, வாழ்த்திய கைகளைக் குலுக்கிக்கொண்டே மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மகள் பக்கம் வந்து, காதோரமாக, காலையில் திடலில் முதலில் என்ன செய்வார்கள் என்று கேட்டார்.

நாளைக்கு அரசர் நாள். அதை எப்படி நடத்துவது என்று விழாக் குழுத் தலைவருக்குத் தெரியாது.